முழுக் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாவது ஏன்? வீட்டில் முட்டை பொரிக்க வைப்போருக்கான பதிவுத் தொடர்

11 ஜூன் 2023, காலை (தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வாசகரின் கேள்வி)

மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் இரண்டு 40 வாட் பல்புகளும் ஒரு சிறு விசிறியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தி, 30 நாட்டுக்கோழி முட்டைகளை வைத்தேன். வெப்பம் 37.5 டிகிரியில் நின்றது. ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பினேன். ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைத்திருந்தேன். ஏழாம் நாள் வெளிச்சம் காட்டிப் பார்த்ததில் 5 கூமுட்டை. மீதி 25-இல் 9 மட்டுமே பொரித்தன. 23-ஆம் நாள் மற்றவற்றை உடைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இறகும் நகமும் முளைத்த முழுக் குஞ்சு செத்துக் கிடந்தது. கடைசி மூன்று நாளில் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் வைத்திருக்க வேண்டுமா? இன்குபேட்டர் (பொரிப்புப் பெட்டி) நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒத்துவராது, தாய்க்கோழிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

11 ஜூன், இரவு (என் பதில்)

ஒத்துவராது என்பதை நான் ஏற்கவில்லை. திருவட்டாறு பக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தாய்க்கோழியிலும் பெட்டியிலும் மாறி மாறி வைத்து வருகிறேன். முழுக் குஞ்சு ஓட்டுக்குள் சாவதற்குப் பெரும்பாலும் கடைசி நாட்களில் ஈரம் போதாமல் போவதே காரணம். மூக்கால் ஓட்டை உடைத்த பிறகு உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்; குஞ்சால் திரும்ப முடியாது. பதினெட்டாம் நாள் முதல் 65-லிருந்து 75 வரை ஈரப்பதம் வேண்டும். இன்னொரு கிண்ணம் வையுங்கள், பெட்டியை இடையில் திறக்காதீர்கள்.

12 ஜூன், காலை

நேற்று இரவு நான் எழுதியது அவசரமான பதில். அதை அழிக்காமல் விடுகிறேன். இதே தவறான ஆலோசனையைப் பலரும் சொல்வதால், அது எங்கே தவறுகிறது என்பதும் இங்கே இருக்கட்டும்.

கேள்வி கேட்ட தம்பி பிறகு எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. முட்டையை உடைத்தபோது வழவழப்பான நீர் ஒழுகியது என்றும், குஞ்சுகள் ஊதிப்போய் ஓட்டை நிறைத்துக் கிடந்தன என்றும், சிலவற்றில் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகாமல் வெளியே தொங்கியது என்றும், ஒன்றிரண்டைத் தவிர எதிலும் ஓட்டில் கீறல்கூட விழவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இது ஈரம் குறைந்து செத்த முட்டையின் அடையாளம் அல்ல. ஈரம் கூடிப்போய்ச் செத்த முட்டையின் அடையாளம். காய்ந்து செத்த குஞ்சை நீங்கள் பார்த்தால் வேற்றுமை உடனே தெரியும்: ஓட்டில் துளை விழுந்திருக்கும், உள்தோல் பழுப்பேறித் தோல்செருப்பு போல முறுக்கிக்கொண்டு இறகோடு ஒட்டியிருக்கும்.

முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே நாள்தோறும் சிறிது நீர் ஆவியாகி வெளியேறும். அந்த இடத்தைக் காற்று நிரப்புவதால் அறை வளரும். பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை இழந்திருக்க வேண்டும். குஞ்சு முதலில் மூக்கைக் குத்துவது ஓட்டில் அல்ல, இந்தக் காற்றறையில்தான். நுரையீரலால் முதல் மூச்சை அங்கே இழுத்த பின்னரே ஓட்டை உடைக்கும் வலிமை அதற்கு வருகிறது. பதினெட்டு நாளும் பெட்டிக்குள் ஈரம் மிகுந்திருந்தால் நீர் வெளியேறாது, அறை சிறிதாகவே நின்றுவிடும், குஞ்சு மூச்சுக்கு இடமின்றி இறக்கும். தம்பியின் 16 முட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு நடந்தது இதுவே என்று இப்போது நம்புகிறேன்.

ஆகவே கடைசி மூன்று நாளைக் குறைசொல்லிப் பயனில்லை. தவறு முதல் பதினெட்டு நாளில் நடந்திருக்கிறது.

12 ஜூன், மதியம்

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் காய்ந்த ஊர்களுக்கும், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் நாடுகளுக்கும் எழுதப்பட்டவை. நமக்கு இடவம், மிதுனத்தில் (வைகாசி, ஆனியில்) தென்மேற்குப் பருவமழை, பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டில் பாதி நாள் காற்று நனைந்தே கிடக்கிறது. எங்கள் வீட்டில் இந்த மாதம் ரப்பர் ஷீட் காயாமல் கயிற்றிலேயே பூசணம் பிடிக்கிறது. அந்தக் காற்றுதான் பெட்டிக்குள்ளும் போகிறது.

வெளியே 27 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் காற்றை அப்படியே 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 50 ஆக இறங்கும். அதாவது மழைநாளில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வைக்காமலேயே முதல் பதினெட்டு நாளுக்குத் தேவையான ஈரம் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு கிண்ணம் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தம்பியின் முட்டைகளில் பார்த்துவிட்டோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே காற்று வீசும் மாதங்களில் ஒரு சிறு கிண்ணம் தேவைப்படலாம். ஒரே மாவட்டம்தான் என்றாலும் குலசேகரத்துக் காற்றும் ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒன்றல்ல.

14 ஜூன்

ஈரப்பதமானி 60 காட்டியது என்றால் உண்மையிலேயே 60 தானா என்று பார்க்க வேண்டும். மலிவான கருவிகள் பத்துப் புள்ளிவரை பிசகுவதை நானே கண்டிருக்கிறேன். சோதிக்கச் செலவில்லை. ஒரு சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) பாதி அளவு கல்லுப்பைப் போட்டு, கரைந்துபோகாமல் சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அந்தச் சிரட்டையையும் கருவியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவில் ஒன்றாக மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். உப்புச் சேற்றுக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு. உங்கள் கருவி 68 என்று காட்டினால் அது எப்போதும் 7 குறைத்துச் சொல்கிறது என்று கொள்ளலாம். கருவி உப்பில் படக் கூடாது.

வெப்பமானிக்கு வீட்டிலுள்ள காய்ச்சல் பார்க்கும் கருவியே போதும். அது நமக்கு வேண்டிய அதே எல்லையில்தான் துல்லியமாக இருக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள்.

14 ஜூன், இரவு

தம்பியின் கருவி உப்புச் சோதனையில் 66 காட்டியிருக்கிறது. அவர் 60 என்று நினைத்து வைத்திருந்தது 69. பதினெட்டு நாளும் 69.

16 ஜூன்

பேசிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று இன்று மாலை 6 மணிக்கு 24 முட்டைகளை வைத்தேன். தண்ணீர்க் கிண்ணம் இல்லை. காற்றுத் துளைகள் பாதி திறந்திருக்கின்றன.

முட்டைகளைப் பொறுக்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஆறு நாளுக்குள் இட்டவை. ஏழு நாளுக்கு மேல் எடுத்து வைத்தால் பொரிக்கும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும், அதிலும் நம் வீட்டு அறைச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு நின்றுவிடும். அதனால் இட்ட முட்டையை அடுக்களையில் வைக்காமல், தரையோடு ஒட்டிய மண்பானையில் உமி போட்டு, கூர்முனை கீழே வரும்படி வைக்கிறேன். கழுவுவதில்லை. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைப்பேன். மிக அழுக்கானதை வைக்கவே மாட்டேன்.

ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். திருப்பும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், நீண்ட இரவு முழுவதும் முட்டை ஒரே பக்கத்தில் கிடப்பது மறுநாள் மாறிவிடும். திருப்பாமல் விட்டால் கரு உள்தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை புதிதாகச் செய்தது ஒன்று உண்டு. ஆறு முட்டைகளை எண்ணிட்டு, நகை நிறுக்கும் சிறு மின்னணுத் தராசில் நிறுத்தேன். ஆறும் சேர்ந்து 270 கிராம். பதினெட்டாம் நாள் இது ஏறத்தாழ 238 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். ஈரப்பதமானி பொய் சொல்லலாம். முட்டையின் எடை பொய் சொல்லாது. இதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தால் எத்தனையோ குஞ்சுகள் பிழைத்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

17 ஜூன்

வைத்த நாளையே முதல் நாள் என்று எண்ணுவது பரவலாக இருக்கிறது. அப்படி எண்ணினால் கடைசியில் ஒரு நாள் பிசகும். 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒரு நாள். எனக்கு இன்று மாலை 6 மணிக்குத்தான் ஒன்று முடிகிறது; ஜூலை 4 மாலை பதினெட்டு, ஜூலை 7 மாலை இருபத்தொன்று.

19 ஜூன்

இடி முழக்கத்தில் முட்டை கெட்டுப்போகும், அதற்காகத் தாய்க்கோழியின் கடவத்தில் (ஓலைக்கூடையில்) இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வற்றல் மிளகாயும் போடுவார்களே, பெட்டியிலும் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் அம்மாவும் போடுவார்கள். ஓலைக்கடவத்தில் மணல் பரப்பி, அதன் மேல் வைக்கோல், ஓரத்தில் ஒரு பழைய ஆணியும் கரித்துண்டும். நான் தாய்க்கோழியை அடை வைக்கும்போது இன்றும் அந்த ஆணியைப் போடுகிறேன், அம்மாவின் கை அதில் இருப்பதால். பெட்டியைப் பொறுத்தவரை இடி நாளில் அஞ்ச வேண்டியது ஒலியை அல்ல, மின்தடையை.

அம்மாவிடம் வெப்பமானி கிடையாது. கோழி இரை எடுக்க இறங்கும் கால்மணி நேரத்தில் ஒரு முட்டையை எடுத்து, மூடிய கண்ணிமையின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். எகிப்தில் மண்ணால் கட்டிய பெரிய பொரிப்புக் கூடங்களில் வெப்பமானி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே முட்டைச் சூட்டை இமையில் வைத்துத்தான் அறிந்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது, அடுக்களைத் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் சிறுமியாக அருகில் போய் முட்டையைத் தொட்டால், "தொட்டுத் தொட்டுப் பாக்காத மக்களே, அதுக்குத் தெரியும்" என்பார்கள்.

தம்பி இன்று 22 முட்டைகளைத் தண்ணீர் இல்லாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். துளைகளை மூடிவிடாதீர்கள். குஞ்சு வளர வளர அதற்கு உயிர்க்காற்று கூடுதலாக வேண்டும்.

23 ஜூன்

ஏழாம் நாள். இருட்டறையில் செல்போன் விளக்கின் மேல் அகன்ற முனையை வைத்துப் பார்த்தேன். 24-இல் 21 நன்றாக இருக்கின்றன: நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்கள் போலச் செந்நரம்புகள், உற்றுப் பார்த்தால் புள்ளி மெல்ல அசைவது தெரிகிறது. இரண்டு கூமுட்டை. ஒன்றில் நரம்புகள் இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும். அது தொடங்கிய சில நாளில் இறந்த கரு. மூன்றையும் எடுத்துவிட்டேன். வளையம் கண்ட முட்டையைப் பெட்டியில் விட்டுவைத்தால் அழுகி வெடிக்கும், வெடித்தால் மற்றவையும் கெடும்.

எடை பார்த்த ஆறும் நல்லவை. 270 கிராம் இப்போது 259.5. அதாவது 3.9 விழுக்காடு. ஏழு நாளில் 4.7 அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். தண்ணீரே வைக்காமலும் இந்த மழைக்காற்றில் முட்டை மெதுவாகத்தான் வற்றுகிறது. துளைகளை முழுவதும் திறந்தேன். பெட்டி அடுக்களையை ஒட்டிய அறையில் இருந்தது. சோறு வேகும் ஆவி அங்கே வருகிறது என்பது இப்போதுதான் உறைத்தது. முன்னறைக்கு மாற்றிவிட்டேன்.

26 ஜூன்

நேற்று இரவு நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை என்று தம்பி பதறியிருக்கிறார். ஆறாம் நாளில் நான்கு மணி நேரத்தால் எல்லாம் போய்விடாது. பெட்டியைத் திறக்காமல், துளைகள் மறையாதபடி ஒரு போர்வையைச் சுற்றிவிட்டால் போதும். தாய்க்கோழியும் நாள்தோறும் சிறிது நேரம் முட்டையைக் குளிரவிட்டுத்தான் இரை எடுக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் பெட்டியில் பதினைந்தாம் நாள் முட்டைகள் 36 இருந்தன. ரப்பர் மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்து எங்கள் பகுதியில் எட்டு நாள் மின்சாரம் வரவில்லை. அப்போது ஒரு கோழி இரண்டு நாளாக 6 முட்டையில் அடை கிடந்தது. அந்த ஆறையும் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகு 14 முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் நகர்த்தினேன். முதலில் கையைக் கொத்தியது. பிறகு தாடையால் ஒவ்வொரு முட்டையாக உள்ளே இழுத்து, இறகை விரித்து அமர்ந்துகொண்டது.

மீதி 22-ஐப் பெட்டியிலேயே வைத்து, விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி பாட்டில்களில் ஊற்றி, இரண்டு மணிக்கு ஒரு முறை இரவும் பகலும் மாற்றினேன். அங்கேதான் தவறு செய்தேன். குளிர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் கொதிக்கும் நீரை ஊற்றி, பாட்டில்களை முட்டைகளோடு ஒட்டி வைத்தேன். கோழிக்கடியில் வைத்த 14-இல் 12 பொரித்தன. பெட்டியில் 22-இல் 6. இறந்தவற்றை உடைத்துப் பார்த்தபோது, பாட்டிலை ஒட்டியிருந்த வரிசை முழுவதும் முதல் நாளிலேயே போயிருந்தது தெரிந்தது. குளிரைக் கரு ஓரளவு தாங்கும்; பிந்தைய நாட்களில் அது தானே சூட்டை உண்டாக்கவும் செய்யும். 40 டிகிரிக்கு மேலான சூட்டைச் சில மணி நேரம்கூடத் தாங்காது.

பல்பு வைத்துப் பெட்டி செய்பவர்கள் இரண்டு பல்புகளைத் தனித்தனி இணைப்பில் கொடுங்கள். இரவில் ஒன்று எரிந்து போனாலும் மற்றது காக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் போதிய சூடு இல்லை. பழைய இழை பல்பே வேண்டும்.

29 ஜூன்

வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள் வரை, காடைக்கு 17 அல்லது 18, வான்கோழிக்கு 28. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஒரே நாளில் வைக்காதீர்கள். இறுதி நாட்களில் ஒன்றுக்கு வேண்டிய ஈரம் மற்றொன்றுக்குக் கேடாகும்.

நீண்ட முட்டையில் சேவலும் உருண்ட முட்டையில் பெட்டையும் வரும் என்பதை நம்பிப் பொறுக்க வேண்டாம். கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் கருவணு. முட்டை ஓட்டின் வடிவத்துக்கு அதில் பங்கில்லை. மிக நீண்டதையும் மிக உருண்டதையும் நான் வைக்காததற்குக் காரணம் வேறு: அவற்றில் குஞ்சு சரியாகத் திரும்பிப் படுக்க இடம் அமைவதில்லை.

4 ஜூலை

பதினெட்டு முடிந்தது. ஆறு முட்டைகள் 240.3 கிராம். இழப்பு 11 விழுக்காடு. துளைகளைத் திறந்ததும் அறையை மாற்றியதும் பயன் தந்திருக்கின்றன. வெளிச்சத்தில் பார்த்தால் காற்றறை முட்டையின் மேற்பகுதியில் சாய்வாக, நல்ல அகலத்தில் தெரிகிறது. அதன் ஓரத்தில் ஒரு நிழல் அடிக்கடி துள்ளுகிறது. இரண்டில் அசைவு இல்லை, எடுத்துவிட்டேன். மீதி 19.

இப்போதுதான் தண்ணீர். இரண்டு சிரட்டை வெந்நீரும் அதில் ஊறும் ஒரு துணியும் வைத்தேன். ஈரப்பதம் 70-க்கு ஏறியது. திருப்புவதை நிறுத்திவிட்டேன்.

வெதுவெதுப்பான நீரில் முட்டையை மிதக்கவிட்டு, ஆடுகிறதா என்று பார்ப்பது எங்கள் ஊரில் பழக்கம். உயிருள்ள முட்டை நீரில் தானே நடுங்குவதைப் பார்க்கையில் உடல் சிலிர்க்கும் என்பது உண்மை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓட்டில் விழுந்திருந்தால் நீர் உள்ளே இறங்கிக் குஞ்சு மூழ்கிவிடும். வெளிச்சத்தில் பார்த்தாலே தெரிவதற்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று இப்போது விட்டுவிட்டேன்.

7 ஜூலை, விடியற்காலை 3 மணி

மூன்று முட்டைகளில் நட்சத்திரம் போலக் கீறல். உள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கிறது.

8 ஜூலை

19-இல் 17 வந்துவிட்டன. நேற்று நண்பகலுக்குள் 11, இரவுக்குள் 5. ஒன்று மட்டும் தனிக் கதை.

அந்த முட்டையில் கீறல் கூர்முனைப் பக்கம் விழுந்திருந்தது. தலை தவறான முனையில் இருக்கும் குஞ்சுக்குக் காற்றறை எட்டாது. 20 மணி நேரம் காத்திருந்தேன். துளை பெரிதாகவில்லை, குரல் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. உதவி செய்யவே கூடாது என்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும்: அவசரப்பட்டு உரித்தால் உள்தோலின் நரம்புகளில் குருதி கொட்டும், வற்றாத மஞ்சள் கரு பிதுங்கும். அதனால் ஓட்டை மட்டும் காசு அளவுக்கு விரல்நகத்தால் பெயர்த்து, உள்தோலில் வெந்நீரைப் பஞ்சால் ஒற்றினேன். தோல் கண்ணாடி போலத் தெளிந்தது. நரம்பில் இன்னும் சிவப்பு ஓடியது. மூக்குக்கு மட்டும் வழி விட்டுத் திரும்ப வைத்தேன். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது நரம்புகள் வெளிறிப்போயிருந்தன. மேலும் கொஞ்சம் பெயர்த்தேன். கழுத்தை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, தானே காலால் உந்தி வெளியே வந்தது. இப்போது மற்றவற்றோடு நிற்கிறது. இடக்கால் சிறிது சாய்வு.

பொரியாத இரண்டையும் உடைத்தேன். ஒன்றில் குஞ்சு காற்றறையைக் குத்திய பிறகு இறந்திருக்கிறது. ஈரமில்லை, ஒட்டலும் இல்லை. மற்றொன்று பதினாறாம் நாள் அளவிலேயே நின்றிருக்கிறது, நான்காம் தேதி அசைவு இருப்பதாக நான் கண்டது பிழை.

என் குறிப்பேட்டில் சென்ற ஆண்டு இதே மாதம், இதே பெட்டியில், தண்ணீர் வைத்துப் பொரித்த கணக்கு இருக்கிறது: கரு கூடிய 26-இல் 14. இந்த ஆண்டு 21-இல் 17. ஒரு தடவையை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் எடை குறையும் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

11 ஜூலை

தம்பியின் முட்டைகள் பொரித்துவிட்டன. 22-இல் 19 கரு கூடியவை, அவற்றில் 15 குஞ்சுகள். முந்தைய முறை 25-இல் 9. பெட்டியும் பல்பும் அவையேதான். முதல் பதினெட்டு நாள் தண்ணீர்க் கிண்ணம் இல்லை, அவ்வளவே.

இறந்த நான்கில் இரண்டு குஞ்சுகளுக்கு அலகு வளைந்திருந்தது என்கிறார். இதைப் படித்ததும் ஒன்று கேட்டேன்: சேவல் எங்கிருந்து வந்தது? அதே வீட்டில் பொரித்து வளர்ந்த சேவல், அதன் உடன்பிறந்த பெட்டைகளோடு மூன்று தலைமுறையாக நிற்கிறது. ஈரத்தைப் பற்றி ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்த நான் இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நெருங்கிய உறவில் சேர்ந்த முட்டைகளில் கருவிலேயே இறப்பவை கூடும்; எவ்வளவு நல்ல பெட்டியும் அதைச் சரிசெய்யாது. முதல் முறை இறந்த 16-இல் எத்தனை ஈரத்தால், எத்தனை இதனால் என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஜூன் 12-ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதியதன் உறுதியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன். வேறு ஊர்ச் சேவல் ஒன்றை மாற்றிவிடுங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

குஞ்சுகளை இறகு உலரும்வரை பெட்டியிலேயே விடுங்கள். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், தீனிக்கு அவசரமில்லை. வெளியே எடுத்த பிறகு முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சைப் பாருங்கள்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரங்களுக்கு விலகி வாயைத் திறந்து நின்றால் சுடுகிறது.

14 ஜூலை

குஞ்சுகள் பொரித்து இன்று ஏழாம் நாள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்தை ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். கண் சிமிட்டி மருந்து உள்ளே போகும்வரை கையில் வைத்திருந்து இறக்க வேண்டும். குப்பி வாங்கினால் குறைந்தது நூறு கோழிக்கான மருந்து வருகிறது, கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் பக்கத்து மூன்று வீடுகளின் குஞ்சுகளையும் காலை ஏழு மணிக்கே எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எங்கள் 17-உம் அவர்கள் கொண்டுவந்த 38-உம் ஒரே நேரத்தில் முடிந்தன. தம்பியின் பக்கத்திலும் இப்படி இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்தால் குப்பி வீணாகாது. அவருக்கு ஏழாம் நாள் 17-ஆம் தேதி வருகிறது. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும்.

கால் சாய்ந்த குஞ்சுக்கு இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு சிறு ஒட்டுப்பட்டையால் தளர்வாகக் கட்டியிருந்தேன். இன்று காலை அவிழ்த்துவிட்டேன். நேராக நடக்கிறது.